அத்தாவின் இடது கை

பழைய ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்களைச் சரிசெய்வது எனக்கு விடுமுறை நாள் பித்து. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கப்பலூரில் என்னோடு வேலை பார்க்கும் ரஹீம் தன் அப்பாவின் கடிகாரத்தைக் கொண்டுவந்தான். பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, ஒரு வாரம் என் கையிலேயே கட்டிப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். நிமிடம் பிசகாமல் ஓடியது.

மூன்றாம் நாளே திரும்பி வந்தது. "அத்தா கையில நின்னுபோச்சுண்ணே."

மறுபடி பிரித்தேன், மறுபடி நின்றது. மூன்றாம் முறை பிரித்துப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு நானே காஜிமார் தெருவிலிருந்த அவன் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ரஹீமின் அத்தா மடியில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே பாடம் எடுத்தேன்.

"இதுக்குச் சாவி குடுக்க முடியாது அத்தா. கை ஆடுனாத்தான் ஓடும். சும்மாவே உக்காந்திருந்தா எப்படி? நல்லாக் கைய வீசி நடங்க."

அவர் கோபப்படவில்லை. துண்டை விலக்கி, வலது கையால் இடது கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

"இம்புட்டு ஆட்டுனாப் போதுமா தம்பி?"

பக்கத்தில் நின்ற ரஹீம் தலையைக் குனிந்துகொண்டான். "வாதம் வந்து ஆறு மாசமாச்சுண்ணே."

மூன்று முறை கடிகாரத்தைத் திறந்தவன், அதைக் கட்டுகிறவரைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

"வலது கையில கட்டிக்கலாமே அத்தா..." என்றேன்.

"அந்தக் கைதான் எல்லாஞ் செய்யுதே. இந்தக் கையில இது ஒண்ணாச்சும் ஓடட்டும்."

கட்டிவிட்டேன். அந்தக் கையைப் பிடித்து மெதுவாக ஆட்டத் தொடங்கினேன். எப்போது நிறுத்துவதென்று தெரியவில்லை.