அக்கா இல்லாத ஞாயிறுகள்

ஞானஸ்நானம் எடுத்த பிறகு வந்த முதல் பொங்கலுக்கு எங்கள் ஊரான நைனார்பாளையம் போனேன். அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அந்த சாமிய வுட்டுட்டு வர்றதுன்னா உள்ள வா. இல்லன்னா இது உன் வூடு இல்ல."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சேலை நுனி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

அப்போது கருணாபுரத்தில் ஒரு வாடகை அறையில் தங்கி, தையல் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் சபை தகரக் கூரை போட்ட சின்னக் கூடம். அடுத்த ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். வெள்ளிமலையிலிருந்து வாராவாரம் முதல் பஸ்ஸில் இறங்கி வருகிற அக்கா. சபையில் என் பக்கத்தில் உட்காருவார்; அதற்கு மேல் பழக்கமில்லை.

"இன்னாம்மா, காய்ச்சலா?"

நடந்ததைச் சொன்னேன். "எல்லாத்தையும் வுட்டுட்டு எங்கம்மாகிட்டயே போயிடலாம்னு இருக்குதுக்கா."

அக்கா வேத வசனம் எதுவும் சொல்லவில்லை. யாருக்கோ கொடுக்கக் கொண்டுவந்திருந்த சாமை அரிசியை என் அடுப்பிலேயே பொங்கி, என்னைச் சாப்பிட வைத்தார்.

"அம்மாவ பாக்கணும்னு இருக்கறது தப்பா இன்னா? அழு. அழுதுக்கினே சபைக்கு வா. கர்த்தர் வேணாம்னா சொல்லப்போறாரு?"

அதற்குப் பிறகு ஞாயிறு காலையில் அக்கா நேராக என் அறைக்கு வந்துவிடுவார். இருவரும் சேர்ந்தே போவோம். ராகம் எங்கே போனாலும் கவலைப்படாமல் உரக்கப் பாடுவார். அந்தச் சத்தத்துக்குள் என் குரலை ஒளித்துக்கொண்டு நானும் பாடக் கற்றேன்.

சில வருடம் கழித்து, மலைப்பாதை வளைவில் ஜீப் கவிழ்ந்து அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். அக்கா வருவது நின்றது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் மலைக்குப் போனேன். முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஜெபம் பண்ண உக்காந்தா வாயே வரலம்மா. யாருகிட்ட பேசறோம்னு இருக்குது. என்ன வுட்டுடு."

எனக்குச் சத்தமாக ஜெபித்துப் பழக்கமில்லை. ஆனாலும் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்கக்கா. உங்களுக்கும் சேத்து நானே சொல்றேன். பக்கத்துல இருங்க, போதும்."

திக்கித் திக்கி ஏதோ சொல்லி முடித்தேன். அக்காவிடமிருந்து ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது முறம் மறுபடி ஆடிக்கொண்டிருந்தது.

வாராவாரம் போனேன். அக்கா வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பாதையெல்லாம் பனி இறங்கியிருந்த ஒரு நாள், ஜெபத்தின் நடுவில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மேலே சொல்ல முடியவில்லை. இருமலுக்கு நடுவே அக்காவின் குரல் மெல்ல வந்தது.

"ஆண்டவரே, இந்தப் பொண்ண அவங்க அம்மா ஒரு தடவ வந்து பாக்கணும்."

புருஷனை இழந்து அத்தனை நாள் ஜெபத்துக்கு வாய் திறக்காதவர், திறந்ததும் எனக்காகத்தான் கேட்டார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அடுத்த ஞாயிறு அவர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அம்மா ஒரு நாள் தையல் கடைக்கு வந்தாள். மடியில் முருங்கைக்கீரை. அரை மணி நேரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைசிவரை மாறவில்லை.

இப்போது அக்கா கேரளாவில், மகள் வேலை செய்யும் எஸ்டேட்டில் இருக்கிறார். சிக்னல் கிடைக்கிற நாளில் போன் வரும்.

"சபைக்கு போறியாம்மா?"

"போறேங்கக்கா. நீங்க?"

"இங்க மலையாளத்துல பாடறாங்க. ஒண்ணும் புரியல. நானும் கூடவே கத்திக்கினு இருக்கேன்."

சிரிப்போம். பிறகு லைன் அறுந்துவிடும். எங்கள் சபையில் இப்போது நன்றாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராகம் தப்புவதே இல்லை. எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.