கொம்பை முறித்த கை

கொரோனாக் காலம் முடிந்து ஊர் மறுபடி கோயிலில் கூடத் தொடங்கிய வைகாசி மாதம் அது. மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், பெயரைப் போட்டால் இன்னொரு சண்டை வரும். அந்த வருஷம் நெடுங்காலத்துக்குப் பிறகு எங்கள் கண்ணகி அம்மன் கோயில் முன்றலில் கொம்பு முறித்தார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, இரண்டு பக்கமும் வடம் கட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். ஒரு பக்கம் வடசேரி, மறு பக்கம் தென்சேரி. எங்கள் ஊரில் சேரி என்பது பிறப்போடு வருவது, கல்யாணம் கட்டினாலும் மாறாது. நான் தென்சேரி. என் கணவர் வடசேரி. மற்ற நாட்களில் அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. கொம்பு நாளில் மட்டும் எங்கள் வீட்டு அடுப்பில் சோறு கூட முறைத்துக்கொண்டுதான் வேகும்.

அதற்கு முந்திய வருஷம்தான் என் கணவரின் தோள் போனது. அவர் வாவியில் தோணி விட்டு வலை வீசுகிறவர். விடியப் பிடித்த மீனைப் பெட்டியில் வைத்துக் கட்டிச் சைக்கிளில் கல்லடிச் சந்தைக்குக் கொண்டு போகும்போது, இன்னொரு பஸ்ஸை முந்துவதற்காக ஓடி வந்த தனியார் பஸ் ஒன்று அவரை அடித்துப் போட்டது. உயிர் தப்பியது. வலது தோள் மூட்டு நொறுங்கியது. ஒப்பரேசன் செய்து ஆணி வைத்தார்கள். அந்தக் கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. வலை வீசுகிறவருக்குத் தோள் இல்லையென்றால் தொழில் இல்லை, அவ்வளவுதான்.

பஸ் முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காப்புறுதிக்காரர் ஒருவர் வந்தார். ஏதோ பிச்சை போடுகிற மாதிரி ஒரு தொகையைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். நான் அவரை வாசல் படலை வரைக்கும் பேசிக்கொண்டே கொண்டுபோய் விட்டேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. பிறகு வழக்குப் போட்டோம்.

எங்கள் சட்டத்தரணி ஒரு பெண். முதல் நாளே சொன்னார். "வழக்கு முடியுற வரைக்கும் இவரைப் பத்தி பேஸ்புக், வட்ஸ்அப், டிக்டொக் ஒண்டிலயும் ஒண்டும் போடாதீங்க. சிரிச்சிக்கிட்டு நிக்கிற படம் கூட வேணாம்."

நான் தலையாட்டினேன். வழக்கைப் பற்றி எழுதக் கூடாது என்கிறார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். சிரிக்கிற படத்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? படித்தவர்கள் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கணவரிடம் சொன்னேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு இந்தக் கதையில் அக்கறையே இல்லை. யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது கொம்பு நாளுக்கு வருகிறேன். இழுக்கத் தொடங்கும் முன்பு வீட்டுக்கு ஒரு ஆண் போய் வடத்தில் கை வைத்துக் கும்பிட வேண்டும். அது அம்மனுக்குச் செய்கிற மரியாதை. என் மாமனார் காலமாகிவிட்டார், அந்த வீட்டுக்கு இவர் ஒருவர்தான். "இழுக்க ஏலாட்டியும் தொட்டுத்து வாறன் புள்ள" என்று போனார். நான் பெண்கள் நின்ற பக்கத்தில் நின்றேன். எனக்கு அங்கிருந்து தலைகளும் புழுதியும்தான் தெரிந்தன. பெரிய சத்தத்தோடு தென்சேரிக் கொம்பு முறிந்தது. நாங்கள் தோற்றோம். அல்லது வென்றோம். எந்தப் பக்கம் சந்தோஷப்படுவது என்று எனக்கே விளங்கவில்லை.

பின்னேரம் என் அண்ணன் பேஸ்புக்கில் ஒரு வீடியோ போட்டிருந்தார். அண்ணனும் என்னைப் போலத் தென்சேரி. சந்தியில் கோழிக்கடை வைத்திருக்கிறார். வாய் சும்மா இருக்காது. மச்சானை நக்கலடிப்பது அவருக்குத் தேத்தண்ணி குடிப்பது மாதிரி. வீடியோவில் என் கணவர் வடத்தில் இடது கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் நின்ற யாரோ இடித்துவிட, குனிந்து கூட்டத்தை விட்டு விலகினார். பின்னால் அண்ணனின் சிரிப்பும் குரலும் கேட்டன. "என்ன மச்சான், வடத்தைத் தொட்டதுக்கே வேர்த்துப் போச்சா?" மேலே எழுதியிருந்தது: "வடசேரியில ஆம்புளை முடிஞ்சிது. கையேலாத மச்சானையும் கூட்டி வந்திட்டாங்க." கீழே ஊரில் உள்ள எல்லாரும் வரிசையாகச் சிரித்து வைத்திருந்தார்கள்.

எனக்கு மண்டை வெடித்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டு என் கணவரிடம் காட்டினேன். அவரோ சிரித்தார். "தோத்த கோவத்தில பினாத்துறார், விடு புள்ள" என்றார்.

நான் விடுகிற ஆளா? அண்ணனுக்குப் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதை அழிக்காவிட்டால் எனக்கு அண்ணன் என்று ஒருத்தர் இல்லை என்றேன். அண்ணன் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வீடியோவைக் காணவில்லை. அதோடு எங்கள் பேச்சும் நின்றுபோனது.

அது எனக்குப் போதவில்லை. வடசேரிக்காரரின் வட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு படம் யாரோ அனுப்பியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வடத்தை இறுக்கிப் பிடித்து இழுக்கத் தயாராக நிற்கிற ஆண்களுக்கு நடுவில் என் கணவர், கை வடத்தில். பார்க்கிறவருக்கு அவரும் சேர்ந்து இழுக்கிற மாதிரித்தான் தெரியும். அதை என் பேஸ்புக்கில் போட்டு, மேலே எழுதினேன்: "எங்கட வீட்டுச் சிங்கம். கொம்பை முறிச்ச கை இதுதான். தென்சேரிக்காரர் நல்லாப் பாத்து வெச்சிக்கொள்ளுங்க." லைக் கொட்டியது. அறிமுகமில்லாத ஒருவர், தாமரைப் பூப் படம் போட்டவர், அந்தக் கிழமை நட்புக் கேட்டார். அவருக்கும் கொடுத்தேன். அவர் யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும் இருக்கிறது.

மாதங்கள் போயின. நீதிமன்றத்தில் என் கணவர் சாட்சி சொன்னார். கையைத் தூக்க முடியாது, பாரம் இழுக்க முடியாது, தொழில் போய்விட்டது என்றார். எல்லாம் உண்மை. அடுத்த தவணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் படம், நான் எழுதியதோடு சேர்த்து. நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் அதை உரத்து வாசித்தார். சிங்கம், கொம்பை முறிச்ச கை, எல்லாம். கோபத்தில் எழுதியதை நீதிமன்றத்தில் ஒரு கறுப்புக் கோட்டுக்காரர் நிதானமாக வாசிக்கக் கேட்பதைப் போல் ஒரு தண்டனை கிடையாது.

என் கணவர் அந்தப் படத்தை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தார். "கை வெச்ச மட்டும்தான் ஐயா. இழுக்கல்ல" என்றார்.

"அப்படியென்றால் உங்கள் மனைவி எழுதியது பொய்யா?"

சாட்சிக் கூண்டில் நின்றபடி அவர் என்னைத் தேடிப் பார்த்தார். ஓம் என்றால் பெண்டாட்டி பொய்க்காரி. இல்லை என்றால் அவர் பொய்க்காரர், வழக்கும் போய்விடும். கடைசியில் மெல்லச் சொன்னார். "அவ கோவத்தில எழுதியிருப்பா ஐயா."

யாரோ சிரித்தார்கள். எனக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல் இருந்தது.

வெளியே வந்ததும் போனை எடுத்து அந்தப் படத்தை அழிக்கப் போனேன். எங்கள் சட்டத்தரணி என் கையைப் பிடித்தார். "இப்ப அழிச்சா ஒளிக்கிறம் எண்டுதான் ஆகும். போட்டது போட்டபடி கிடக்கட்டும்." பிறகு எனக்குக் கிடைத்த ஏச்சு, நான் காப்புறுதிக்காரருக்குக் கொடுத்ததற்குச் சமம். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். ஏசி முடித்துவிட்டுக் கேட்டார். "அண்டைக்கு வேற யாரும் இவரைப் படம், வீடியோ எடுத்தவங்களா?"

என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மச்சான் எடுத்தவர்."

"அத நாந்தான் ஏசி அழிக்க வெச்சன்" என்றேன். சட்டத்தரணி தலையில் கை வைத்தார்.

நேரே அண்ணனின் கடைக்குப் போனேன். அண்ணன் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "வடசேரிக்காரருக்கு இண்டைக்குக் கோழி இல்ல."

"நான் தென்சேரி."

"அப்ப பேஸ்புக்கில எழுதினது ஆரு? எங்கட கொம்பை முறிச்ச கையெண்டு? பிறந்த சேரியை வித்துத் திண்டவ நீ."

மற்ற நாளாக இருந்தால் அந்தக் கத்தியாலேயே வெட்டியிருப்பேன். அன்றைக்கு நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அந்த வீடியோ வேண்டும் என்றேன்.

"அழிக்கச் சொன்ன. அழிச்சன்" என்றார்.

அண்ணன் அந்தக் கோழியைத் துண்டு போட்டு, நிறுத்து, பையில் போட்டு, வாங்க வந்தவரை அனுப்பினார். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அது வாய்க்குள் கிடந்து உருண்டது. கடைசியில் வந்தது. "அண்ணன், பிழை என்னிலதான்."

அண்ணன் கையைக் கழுவித் துடைத்தார். "பேஸ்புக்கிலதான் அழிச்சன். போன்ல அழிக்க எனக்கென்ன விசரா? அடுத்த கொம்புக்கு மச்சானைக் கடுப்பேத்த வேற என்ன கிடக்கு என்னட்ட?"

வெட்டுக் கட்டையின் பக்கத்தில் நின்று இருவரும் அந்த வீடியோவைப் பார்த்தோம். இடது கை வடத்தில். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்குகிறது. ஒருவரின் முழங்கை அவர் தோளில் படுகிறது. அவர் முகம் சுருங்குகிறது. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு குனிந்து போய் வேப்பமரத்தடியில் இருக்கிறார். அண்ணன் சிரிக்கிறார், நக்கலடிக்கிறார். இது வரைக்கும்தான் நான் அன்றைக்குப் பார்த்தது. அதற்குப் பிறகும் இருந்தது. சிரிப்பு சட்டென்று நிற்கிறது. படம் ஆடுகிறது. அண்ணனின் குரல் வேறு மாதிரிக் கேட்கிறது. "மச்சான்... ஏலாதா? அப்படியே இரிங்க. அசையாதீங்க. தண்ணி கொண்டாறன்." அதோடு முடிகிறது.

நான் அதைக் கடைசி வரைக்கும் பார்க்காமல்தான் அண்ணனை வேண்டாம் என்றிருந்தேன். அவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "வாய் பாத்துக்கிட்டு நிக்காம அந்தச் சட்டத்தரணிட நம்பரைத் தா" என்றார்.

அண்ணன் சாட்சிக்கு வந்தார். கல்யாணத்துக்கு உடுக்கிற சேர்ட் போட்டு வந்திருந்தார். வீடியோவை எல்லாரும் பார்த்தார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, நீங்கள் மனைவியின் அண்ணன், மச்சானைக் காப்பாற்ற எதையும் சொல்வீர்கள் என்றார்.

"ஐயா, நான் தென்சேரி, அவர் வடசேரி. எங்கட கொம்புதான் முறிஞ்சது. அவர் உண்மையா இழுத்திருந்தா, வழக்குப் போட்ட கை வடம் இழுக்குது, வந்து பாருங்க எண்டு நாந்தான் முதல் ஆளாப் போட்டிருப்பன். நக்கலடிக்க எடுத்த வீடியோ ஐயா இது. காப்பாத்த எடுத்ததில்ல."

அன்றைக்கும் சிரித்தார்கள். நீதிபதி கூடச் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சுடவில்லை.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்பே சமரசத்துக்கு வந்தது. என் கணவரின் தோளுக்கு ஓரளவு நியாயம் கிடைத்தது. நான் அந்தப் படத்தைப் போடாமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று சட்டத்தரணி இரண்டு தரம் சொன்னார். ஒரு தரம் சொன்னால் போதும், ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

இப்போது அந்த நட்டஈட்டுக் காசில் வைத்த ஒரு சின்ன மீன்கடை எங்கள் வீட்டு முன்னால் இருக்கிறது, குளிர்ப்பெட்டியோடு. தோணிக்காரர் கரைக்கு வந்ததும் என் கணவர் போய்ப் பார்த்துத் தெரிந்தெடுக்கிறார், நான் வெட்டிக் கொடுக்கிறேன். மீனைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னாரென்றால் வாங்காமல் யாரும் போகமாட்டார்கள். வலை வீசிய காலத்தில் இவர் இவ்வளவு பேசிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணன் காலையில் வந்து, "இடக்கையால நிறுக்கிற மீனுக்கு விலை குறைவுதானே மச்சான்" என்பார். இவர் அண்ணனுக்கு மட்டும் விலையைக் கூட்டிச் சொல்வார்.

வழக்கு முடிந்த மறுநாள் அண்ணன் அந்த வீடியோவைத் திரும்பப் பேஸ்புக்கில் போட்டார், அதே நக்கல் வரியோடு. நான் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு முதல் ஆளாக லைக் போட்டேன். என் கோபம் எங்கும் போய்விடவில்லை, அது என்னோடுதான் கிடக்கிறது. ஆனால் எதையாவது எழுதிப் போட விரல் துடிக்கும்போதெல்லாம் சாட்சிக் கூண்டில் நின்ற அந்த மனிதர் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, "அவ கோவத்தில எழுதியிருப்பா" என்று என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்ன குரல் கேட்கிறது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் வெட்டப் போகிறேன்.