சுக்குப் பற்று இல்லாத நெற்றி

மாமாவின் நெற்றியில் சுக்குப் பற்று இல்லாமல் போனதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

என் மாமனாருக்குச் சிம்மக்கல்லில் மொத்தக் கடை ஒன்றில் வேலை. டவுன் பஸ்ஸைப் பிடிக்கக் கொஞ்சம் வேகமாக நடந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். டாக்டர் சின்னதாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. மேடு ஏறுவதற்கு முன்பே வைத்துக்கொள்ளலாம். வைத்தும் ஐந்து நிமிடத்தில் வலி விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். படித்த மருமகள் என்று என்னைத்தான் கூட அனுப்பியிருந்தார்கள். மாத்திரை வைத்தால் தலை வலிக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அப்படியே வலித்தது. ஒவ்வொரு முறையும் அத்தை சுக்கு உரைத்துப் பற்றுப் போடுவார்.

அந்த ஆடி மாதம் பற்று நின்றுபோனது. உடம்புக்கு மருந்து ஒத்துக்கொண்டது என்று அத்தைக்குச் சந்தோஷம். எனக்கென்னவோ நெஞ்சு வலியும் லேசில் விடுவதாகத் தெரியவில்லை. கேட்டால், விட்டுவிட்டது என்பார் மாமா. முகம் அப்படிச் சொல்லாது.

கடைக்காரர் போலி மாத்திரையைத் தந்துவிட்டாரோ என்று நினைத்தேன். தவழும் என் மகள் எடுத்து வாயில் போட்டிருப்பாளோ என்று அவள் வாயைத் திறந்து பார்த்தேன். பிறகு அலமாரியில் மருந்துப் பாட்டிலைத் தேடி எடுத்தேன். அதற்குள் பெருங்காயத் தூள் இருந்தது.

மாத்திரை எங்கே என்று அத்தையிடம் கேட்டேன்.

"அவரு மடியிலதான். துன்னூத்துப் பையில போட்டு வச்சிருக்கேன்."

திருப்பரங்குன்றத்துத் திருநீறு நிறைந்த துணிப் பை அது. மாமா இடுப்பில் செருகாமல் வாசல் தாண்ட மாட்டார்.

"பாட்டிலை விட்டு எடுத்தா வீரியம் போயிரும், மூடியை இறுக்கி வைக்கணும்னு டாக்டர் சொன்னாரே அத்தை."

"பாட்டிலை எங்கயாச்சும் வச்சுட்டுப் போயிருவாரு. துன்னூத்தை என்னைக்காச்சும் மறந்துருக்காரா?"

திண்ணையில் இருந்த மாமாவிடம் பையைக் கேட்டேன். மாமா பையைக் கவிழ்த்தார். சாம்பல் பூசி, ஓரம் உதிர்ந்த மாத்திரைகள். மறுநாள் காலையில் எல்லோரும் அழகர்கோவில் போவதாக இருந்தது. புது மாத்திரை வாங்காமல் கிளம்பக் கூடாது என்றேன். சாமி காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறேன் என்றார் அத்தை. ஒருவேளை மருந்து உண்மையிலேயே ஒத்துப்போயிருக்குமோ, வீணாக எல்லோரையும் கலவரப்படுத்துகிறேனோ என்று எனக்கே தடுமாற்றம். ஆனாலும் என் கணவர் சாயங்காலம் போய்ப் புதுப் பாட்டில் வாங்கி வந்தார்.

காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது மாமா நின்றார். கை நெஞ்சுக்குப் போனது. பாலத்துச் சுவரில் உட்காரவைத்து, பாட்டிலைத் திறந்து ஒன்றைக் கொடுத்தேன். குழந்தையை அத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் தோள் இறங்கியது.

"இது நாக்குல சுருக்குங்குது தாயி. பழசு மண்ணு மாதிரி கெடக்கும்."

வலி விட்டது. ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினோம். அழகர் காத்திருக்கட்டும் என்று அத்தையே சொன்னார். வந்ததும் திருநீற்றுப் பையை அந்தப் பாட்டிலின் கழுத்தில் கட்டி, மாமா கையிலெடுக்கும் மஞ்சள் பைக்குள் வைத்தார். குழந்தைக்கு எட்டாத ஆணியில் நான் அதை மாட்டினேன்.

மாமா தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"தெறிக்குது. சுக்கு இருக்கா?"

உரைகல்லை நானே எடுத்தேன்.