கடைசி வரி வரை மனப்பாடம்

கண் மருத்துவரிடம் போவதற்காக மூன்று நாள் படித்தேன். கண்ணைப் பற்றி அல்ல, அங்கே சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை.

வேறு வழியில்லை. என் ஸ்கூட்டர் சாவி மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டிருந்தது. பாடி மேம்பாலம் தாண்டி ஒரு வேகத்தடை. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை என்று நானும், யானை படுத்திருப்பதுபோல் பளிச்சென்று தெரிந்த வேகத்தடை என்று அவளும் இன்றுவரை வாதிடுகிறோம். அதன்மேல் வேகம் குறையாமல் ஏறி இறங்கினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஆகாயம் வரை போய்த் திரும்பி வந்தாள். அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் இறங்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு?"

"சனிக்கிழமை கண் டாக்டர்கிட்ட போறோம். வண்டி ஓட்டலாம்னு அவர் சொன்னா சாவி. இல்லேன்னா ஷேர் ஆட்டோ."

ஷேர் ஆட்டோ மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் டிரைவருக்குப் பக்கத்தில் அரை உடம்பை உள்ளேயும் அரை உடம்பைச் சாலையிலும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக, என் உடம்பு இரண்டாகப் பிரியும் வகையைச் சேர்ந்ததல்ல.

நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது என் முகத்தைப் பார்த்தே விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார் எங்கள் கிரேன் ஆபரேட்டர்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

சொன்னேன்.

"அட, இதுக்கா? வருசா வருசம் எனக்கும்தான் கண்ணு டெஸ்ட்டு வெக்கிறாங்கோ. நான் இன்னா, போர்டப் பாத்தா படிக்கிறேன்? அல்லாம் மண்டைல கீது. எங்க போனாலும் அதே போர்டுதான். எய்திக்கோ."

டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கடைசி மூன்று வரிகளையும் கடகடவென்று ஒப்பித்தார். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். அவர் தினமும் தூக்கிப்போகும் ஐந்து டன் இரும்புக்கு அடியில்தான் நாங்கள் நடமாடுகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் மனைவி தன் பங்குக்குத் தயாரிப்புகளைத் தொடங்கினாள். மூன்று நாளும் பொன்னாங்கண்ணிக் கீரை. பொரியல், கூட்டு, மூன்றாம் நாள் மாறுவேடத்தில் அடைக்குள். செல்போனைப் பார்த்தால் கண் களைத்துவிடும் என்று பிடுங்கி வைத்தாள். பழைய கண்ணாடி, மருந்துச்சீட்டு, சொட்டு மருந்து விட்டால் துடைக்க இரண்டு கைக்குட்டை என்று ஒரு பையைக் கட்டினாள். பிரசவத்துக்குப் போகிறவளுக்குக்கூட இத்தனை ஏற்பாடு நடந்திருக்காது. நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டைப் படித்தேன். சோப்பு போடும்போது இடது கண்ணுக்கான வரி, தண்ணீர் ஊற்றும்போது வலது கண்ணுக்கானது.

சனிக்கிழமை. பரிசோதனை அறையில் ஓர் இளம்பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து இடது கண்ணை மூடினாள். மனைவி பையோடு எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே பார்த்தேன். கறுப்பாக ஒரு சதுரம். அதில் ஒன்றுமே தெரியவில்லை. பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. இவ்வளவு மோசமாகிவிட்டதா? இனி சீட்டை விட்டால் கதியில்லை.

"டி, இ, எஃப், பி, ஓ, டி, இ, சி" என்று கடைசி வரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பெண் சுவிட்சில் கை வைத்தபடியே திரும்பினாள்.

"சார், நான் இன்னும் ஸ்கிரீனையே போடல."

மூடாத கண்ணையும் நானே மூடிக்கொண்டேன்.

"பாடில வேலையா சார்?" என்றாள். "அந்தப் பக்கத்துக் கம்பெனிகள்லேர்ந்து வர்றவங்க நிறைய பேர் இதே வரியத்தான் சொல்றாங்க. லைட் போட்டப்புறம் சொன்னது அவங்க சாமர்த்தியம். இதுல எழுத்து மாறிக்கிட்டே இருக்கும் சார், மனப்பாடம் பண்ண முடியாது."

சிரிப்பை அடக்க முடியாமல் ஏதோ ஃபைலை எடுப்பதாகச் சொல்லி வெளியே போனாள். மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"பாஸ் பண்ணிட்டு எங்க போவீங்க?" என்றாள் மெதுவாக. "வண்டில பின்னாடி உக்காரப்போறது யாரு?"

சட்டைப்பையிலிருந்த சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து திரையைப் போட்டாள். எழுத்துகள் வந்தன. நிஜமாகவே படித்தேன். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவதில் பாதி வந்ததும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஊகித்திருக்கலாம், வாயில் ஏதோ வந்தும்விட்டது. விழுங்கினேன்.

"தெரியலம்மா."

"நல்லா பாருங்க சார்."

"இல்லம்மா. தெரியல."

பின்னாலிருந்து மிக மெல்லிய குரல் கேட்டது: "ஹெச்."

"மேடம்!" என்றாள் அந்தப் பெண். "நீங்க சொல்லக் கூடாது."

"சாரிம்மா, சாரி" என்றாள் என் மனைவி. இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வை பார்ப்பவள், பிட் அடிக்கிற பிள்ளைகளைப் பெஞ்சோடு தூக்கி வெளியே வைப்பவள். மறுபடி "தெரியல" என்றேன். ஸ்டூல் கிறீச்சிட்டது.

சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, மருத்துவர் பார்த்து முடித்தார். புரை ஏதும் இல்லை, கண்ணாடியின் பவர்தான் ஏறியிருக்கிறது. புதிய கண்ணாடி வந்ததும் தாராளமாக வண்டி ஓட்டலாம், அதுவரை கூடாது. கண்ணாடி வர ஒரு வாரம்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உலகமே பஞ்சுபோல் தெரிந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கினாள். இரண்டாவது கைக்குட்டையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"அந்த ஹெச் நல்லா பெரிசாத்தானேங்க இருந்துச்சு" என்றாள் வருத்தமாக.