தாம்பரம் படிக்கட்டில் ஒரு பெட்டி ஒத்திகை

போன ஜூலையில், ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது, அஸ்தினாபுரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஒரு பயணம் போனேன். அங்கே சுற்றிப் பார்க்க எதுவும் இல்லை, என் அத்தை வீடு இருக்கிறது, அவ்வளவுதான். போனது பெட்டி தூக்கிப் பழக. இந்த வருஷம் கிளம்பப்போகிற சிலர் "லக்கேஜை எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

என்னைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. கூடவே வந்து ஒரு வாரம் இருந்து, ரூம், கடை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாளே அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஹாஸ்டலில் போய் இறங்குவதா என்று எனக்கு மானப் பிரச்சினை. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. இரண்டு பெட்டியிலும் தலா இருபத்துமூன்று கிலோ ஏற்றி, யார் உதவியும் இல்லாமல் மின்சார ரயிலில் அத்தை வீடு வரை நான் போய்விட்டால் அவர் வரமாட்டார். கொண்டுபோகும் சாமான் எதையும் இன்னும் வாங்காததால், வீட்டு அரிசியையும் அப்பாவின் பழைய புத்தகங்களையும் போட்டு நிரப்பினோம்.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

"இன்னாம்மா, ஏர்போர்ட்டா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணா, ஸ்டேஷன். மறைமலை நகர் போறேன்."

"அதுக்கா இவ்ளோ பொட்டி?"

நான் குனிவதற்குள் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டார். ஆட்டோக்காரர் எங்கேயும் தூக்கத்தான் செய்வார், இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிக்கெட் பத்து ரூபாய். வந்த வண்டி தாம்பரத்தோடு சரி. அங்கே மேம்பாலம் ஏறி, வேறு பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். எஸ்கலேட்டர் பக்கமே போகக் கூடாது என்பது அப்பாவின் ஷரத்து. இரண்டு பெட்டியோடும் நான்கு படி ஏறியிருப்பேன். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சாப்பாட்டுப் பையோடு வந்த ஓர் அக்கா ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க்கா, நானே தூக்கிப் பழகணும்."

"பழகி? பட்டாளத்துல சேரப் போறியா? அந்தப் பக்கம் புடி, வண்டி பூடும்."

இன்னொரு பெட்டி அதற்குள் யாரோ ஓர் அண்ணன் தோளில் ஏறியிருந்தது. மேலே போய் நின்றுகொண்டு, "எந்த பிளாட்பாரம்மா?" என்கிறார். அக்காவோடு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடுவது மட்டும்தான் எனக்கு வேலை.

ரயிலில் அந்த அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தார். எந்த நாடு, என்ன படிப்பு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அங்கே குளிருமா, சோறு கிடைக்குமா. பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் என் ஜாதகமே அவர் கையில் இருந்தது. பாதிக் கொய்யாப்பழம் கொடுத்தார். மறைமலை நகரில் வேலைக்கு இறங்குகிறவர், என் பெட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டு, "போய்ட்டு வா. ஒயுங்கா சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அத்தை வீட்டிலிருந்து அப்பாவுக்கு போன் செய்தேன்.

"யாராவது தூக்கினாங்களா?"

"ஆட்டோக்காரரையும் சேர்த்து மூணு பேருப்பா." பந்தயம் போச்சு என்று நினைத்தேன்.

அப்பா சிரித்தார். "அப்புறம் நான் எதுக்கு வரணும்? எங்க போனாலும் மனுஷங்க இருப்பாங்கதானே."

அன்று மாலையே அவர் பயணத்தை விட்டுவிட்டார். ஜெர்மனியைத் தாம்பரத்தை வைத்து அளந்துவிட்டோம் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

செப்டம்பரில் வந்து இறங்கினேன். ஹாஸ்டல் இருக்கும் ஊருக்குப் போக, வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டும், இடைவெளி எட்டு நிமிஷம். லிஃப்ட் ஓடவில்லை. பெட்டிகளோடு படிக்கட்டின் கீழே நின்றேன். எத்தனையோ பேர் ஒதுங்கி, ஒதுங்கி, மரியாதையாக வழிவிட்டுப் போனார்கள். யாராவது வந்து பிடிப்பார்கள் என்று நான் நிற்கிறேன் என்பதே, வண்டி போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா வந்திருக்கலாம் என்று இருந்தது.

பிறகு ஒருவரிடம் கேட்டேன். உடனே தூக்கினார், மேலே வைத்தார், தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர். இங்கே கேட்காமல் அடுத்தவர் பெட்டியைத் தொட்டால் அது தப்பு, கேட்டால் யாரும் மறுப்பதில்லை. இருபத்திரண்டு வயது வரை எனக்குக் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

ஆகவே, கிளம்புகிறவர்களே, "கொஞ்சம் உதவ முடியுமா?" என்பதை அந்த நாட்டு மொழியில் வாய் பழகும்வரை சொல்லிப் பாருங்கள். பெட்டி தூக்குவதைவிட அதுதான் கஷ்டம். இரண்டாவது பெட்டியைப் பதினைந்து கிலோவோடு நிறுத்துங்கள். அரிசி, பருப்பு எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. வண்டி மாற ஒரு மணி நேரமாவது இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட்டும் அட்மிஷன் பேப்பரும் தோள்பையில் இருக்கட்டும். ஒத்திகை பார்ப்பதென்றால் வீட்டு மொட்டைமாடிப் படியில் பாருங்கள். தாம்பரத்தில் பார்க்காதீர்கள், விடமாட்டார்கள்.

இப்போது நன்றாகவே கேட்கப் பழகிவிட்டேன். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டே என்னை யார், எந்த ஊர் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளுக்காக மனசு ஏங்குகிறது.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். ஏர்போர்ட்டிலிருந்து அஸ்தினாபுரத்துக்கு நேராக ஆட்டோ பிடிக்கலாம், தாம்பரம் போக வேண்டியதே இல்லை. நான் திரிசூலத்தில் ரயிலேறித் தாம்பரம் வரை போகப்போகிறேன். பெட்டி முக்கால்வாசி காலியாகத்தான் இருக்கும். மேம்பாலப் படிக்கட்டின் கீழே அதை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.