பூக்கடைத் தராசுக்கு ப்ரோக்ராம் எழுதிய ஜெயராணி

எங்கள் கடை பில் கிளார்க் ஜெயராணி இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சு வலி என்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்...

கடை வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. நானே வாசித்தேன். முன்பெல்லாம் இப்படி ஒன்று வந்தால் யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும்.

மெதுவாகத்தான் டைப் அடிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் தராசு பார்க்கிறவன் நான். விடிகாலையில் விவசாயிகள் மல்லிகை கொண்டு வருவார்கள். நான் நிறுத்துச் சொல்வேன், ஜெயராணி எழுதிக்கொள்வார். அப்புறம் எல்லார் பூவும் ஒரே குவியல்தான்.

தராசுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறேன் என்றார் முதலாளி. நிறுக்கிற ஆளே எடையை அதில் ஏற்ற வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். எனக்கு அப்போது கைரேகைதான்.

முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். முதலாளியும் பொறுத்துக்கொண்டார். இந்த வயதில் பஸ் போர்டு வாசிக்கிற சந்தோஷம் இருக்கிறதே... கடைப் பெயர் எல்லாம் வாய்விட்டு வாசித்துக்கொண்டே சாணார்பட்டி வரை போயிருக்கிறேன்.

ப்ரோக்ராம் எழுதியது ஜெயராணி. மதியம் கடை ஓய்ந்ததும் போனில் பாடம் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவருக்கும் அதுதான் முதல் ப்ரோக்ராம்.

முதல் நாள். எடை கேட்ட இடத்தில் "மூன்றே கால்" என்று எழுத்தில் அடித்தேன். எழுத வந்துவிட்ட ஜோர். திரை முழுக்க சிவப்பு எழுத்து. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டேன்.

"ஏண்ணே மெயினை அமத்துனீங்க?"

"செவப்பா வந்துச்சு தாயி. வெடிச்சிருமோன்னு..."

"அதெல்லாம் வெடிக்காது. எனக்கு இது புரியலைன்னு சொல்லுது, அம்புட்டுத்தான்."

ஆனால் ப்ரோக்ராம் நின்றால் வரிசையும் நிற்கும். அன்று மதியமே வழி கண்டுபிடித்துவிட்டார். 'ட்ரை' என்று ஒரு இடம், 'எக்செப்ட்' என்று ஒரு இடம். முதல் இடத்தில் வேலையைச் சொல்ல வேண்டும். அது தவறினால் இரண்டாவது இடத்தில் எழுதியிருப்பது நடக்கும். அங்கே அவர், கண்டுகொள்ளாமல் மேலே போ என்று மட்டும் எழுதிவைத்தார்.

"இனி எப்படி அடிச்சாலும் நிக்காதுண்ணே."

மறுநாள் நிற்கவே இல்லை. சிவப்பும் இல்லை. அவசரத்தில் எல்லாருக்கும் எண்ணில்தான் போட்டேன். மல்லிகை கொண்டுவந்தவர்களில் அழகம்மா தெரிந்தவர் என்பதால் அவர் பூவுக்கு மட்டும் ஆசையாக எழுத்தில் அடித்தேன். அதுவும் நிற்காமல் மேலே போனது.

கடைசியில் பிரிண்ட் எடுத்தபோது அழகம்மா பெயரே இல்லை. பூவோ குவியலில் கலந்துவிட்டது.

"எம் பூ எங்க? ஆடு கீடு மேஞ்சிருச்சா?" என்றார் அழகம்மா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தராசுல ஒக்காந்து என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்த? ஒனக்கு ஒத்து வராதுன்னா சொல்லிரு. வேற ஆள் பாத்துக்கிறேன்."

இத்தனை மாசம் படித்தது அவ்வளவுதானா என்று நின்றேன்.

ஜெயராணி எழுந்து வந்தார். "அண்ணன் மேல தப்பில்ல மொதலாளி. அவரு போட்டது கம்ப்யூட்டருக்குப் புரியல. புரியலைன்னு அது சொல்ல வந்துச்சு. நாந்தான் அது வாயைக் கட்டிப்புட்டேன்."

அழகம்மா வீட்டிலேயே நிறுத்துக் கொண்டுவந்திருந்தார். அவர் சொன்ன எடையை முதலாளி எழுதிக்கொண்டார். அத்தோடு விட்டார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டே ஜெயராணி அந்த இரண்டாவது இடத்தைத் திருத்த உட்கார்ந்தார். "தவறான உள்ளீடு. மீண்டும் முயற்சிக்கவும்" என்று அடித்து, வாசிங்கண்ணே என்றார். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"என்னா தாயி, கோர்ட்டு நோட்டீசு மாதிரி இருக்கு. இத வாசிச்சுட்டு நான் என்ன செய்யணும்?"

"அப்ப நீங்களே சொல்லுங்க. பக்கத்துல நிக்கிற ஆளுக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார்.

"எடையை எண்ணில் போடுங்க."

"பேரை விட்டுட்டீங்க. யார் பூ இது?"

"எடை ஏறவில்லை. மூட்டையைக் குவியலில் கொட்டிராதீங்க."

மூன்றாவதை அடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதை ஒங்ககிட்ட நேத்தே கேட்டிருக்கணும்ணே" என்றார். அவர் வெஞ்சனத்தில் பாதியை என் டப்பாவில் தள்ளினார். வாழைக்காய் வறுவல்.

நான் வாயால் சொன்னது திரையில் வருகிறது... இன்றைக்கும் தப்பாக அடித்துவிட்டால், அதை ஒரு தடவை முழுசாக வாசித்துவிட்டுத்தான் திருத்துவேன். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுவார்கள்.

எப்போதாவது புதிதாகச் சிவப்பு வரும். அதையும் வராமல் பண்ணிவிடேன் என்று ஒருமுறை கேட்டேன். "வேணாம்ணே. நமக்குத் தெரிஞ்ச தப்புக்கு மட்டும் பதில் எழுதி வைப்போம். தெரியாதது கத்தட்டும். கத்துனாத்தான் எந்திரிச்சு வந்து பாப்பேன்."

இன்று மதியம் முதலாளி கேட்டார். "இனி அதுல ஏதாச்சும்னா யாருய்யா பாக்குறது? மதுரையில சொல்லி வேற ஒண்ணு வாங்கிருவமா?"

"இதே இருக்கட்டும் மொதலாளி. இது சொல்றது எனக்கு வெளங்குது" என்றேன். சரி என்றார்.

நாளை மதியம் நல்லடக்கம். காலை மார்க்கெட் முடிந்ததும் கடை ஆட்கள் எல்லாரும் வருகிறோம்.

போயிட்டு வா தாயி.