அன்னாளின் நெஞ்சுச் சத்தம்

அன்னாள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது கிடையாது. சூரியநெல்லிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள். அதே தோட்டத்தில் நான் தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். குழம்பு கொதிக்கிற நேரத்துக்குள் கோழிக்கூட்டைக் கழுவிவிட்டு வந்துவிடுவாள். சண்டை போட்டாலும் நின்றுகொண்டுதான் போடுவாள்.

மூத்தவன் டிஜோ பிளஸ் டூ எழுதுகிற வருஷம், முப்பத்தெட்டு வயசில், மறுபடியும் உண்டானாள். கோயிலுக்குப் போகும்போது முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மறைப்பாள். நான் சிரித்தால், "எல்லாம் ஒங்களால வந்தது. மோட்டார் ஓடாத நாள்ல மனுசன் சும்மா இருக்கணும்ல?" என்பாள்.

ஏழாம் மாசம் ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குழாயை அவள் நெஞ்சில் ஒரு தடவை வைத்தார். அப்புறம் இன்னொரு தடவையும் வைத்தார். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் இதயத்தில் ஏதோ ஊதல் சத்தம் கேட்கிறது, அடுத்த வாரம் எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். முதலில் சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை. அன்னாளின் அம்மா செபமாலையம்மாள் நாற்பது வயசில் ஏலச்செடிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஜீப்பில் வரும்போது அன்னாள், சின்னக்கானல் தாண்டியதும், "எனக்கு ஒண்ணுன்னா டிஜோவ ஆஸ்டல்ல விட்ராதீக" என்றாள்.

"வாய மூடு" என்றேன். எனக்கு வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது மோட்டார்தான். தண்ணீர் போகிற ஓஸ் குழாய் மேட்டில் ஏறினால் மோட்டார் திணறும், சமதரையில் கிடந்தால் அலுங்காமல் ஓடும். நெஞ்சும் அப்படித்தானே என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையணையை உருவிவிட்டேன்.

"எக்கோ எடுக்கிற வரைக்கும் அசையாத. தலையும் காலும் ஒரே மட்டத்துல இருக்கணும்."

"என்னய என்ன ஓஸ்னு நெனச்சீகளா?" என்றாள். ஆனாலும் படுத்தாள். அவ்வளவு பயம் அவளுக்கு.

கால் மணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை. "ஏங்க, கண்ண இருட்டுது" என்றாள். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அஞ்சு என்கிற மலையாளத்து நர்ஸ், கீழே தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வேகத்தில் அன்னாளின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து இடப்பக்கம் சாய்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"சேச்சிய ஆரு இப்படிக் கெடத்துனது?"

"நான்தான்" என்று என் மோட்டார் கதையைச் சொன்னேன்.

"ஓஸ் மேல கல்லத் தூக்கி வச்சா தண்ணி போகுமா, சூசையண்ணா?"

"போகாது."

"அதத்தான் செஞ்சிருக்கீங்க. கால்லயிருந்து நெஞ்சுக்குத் திரும்புற ரத்தம், முதுகெலும்ப ஒட்டி வலப்பக்கமா ஒரு பெரிய குழாய்ல வருது. மல்லாக்கப் படுத்தா புள்ளயோட கனம் அத அமுக்கும். ரத்தம் திரும்பலன்னா மயக்கம் வரத்தான் செய்யும்."

"டாக்டர் நெஞ்சுல கேட்ட அந்தச் சத்தம்?"

"சேச்சிக்கு இப்ப பழைய அளவுக்கு மேல கிட்டத்தட்ட அரைப்பங்கு ரத்தம் கூடியிருக்கு. அதுக்கு எடம் கொடுக்கக் குழாயெல்லாம் தளர்ந்திருக்கு. நெஞ்சு நிமிசத்துக்குப் பத்து இருவது தடவ கூட அடிக்குது. அவ்வளவு பாயும்போது சத்தம் வரும், நெறய பேருக்கு வரும். வேற ஒண்ணுமில்லன்னு உறுதி பண்ணத்தான் எக்கோ."

சாய்ந்து கிடந்த அன்னாள் என்னைப் பார்த்தாள். "கேட்டீகளா? நா படுத்துக் கெடந்தாலும் வேலதான் பாக்கேன்."

இடப்பக்கம் சாய்ந்தால் அவளுக்குச் சுவர்தான் தெரிந்தது. வாசலில் யார் போகிறார்கள் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அதனால் கட்டிலைத் திருப்பிப் போட்டேன்.

தேனியில் எக்கோ எடுத்தோம். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அன்னாள் என் சட்டைக் கையைப் பிடித்தவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடவில்லை. போடிமெட்டு ஏறி முடியும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் இடப்பக்கம் சாயட்டும் என்று நான் அந்தப் பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சின்னவன் வினோ பிறந்து மூன்றாம் மாசம் அதே டாக்டர் அன்னாளின் நெஞ்சில் மறுபடி காதுக்குழாயை வைத்தார். சத்தம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அன்னாள் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் கிடத்தினாள்.

"ஒரு மணி நேரம் அசையாதீக" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கூட்டைக் கழுவப் போனாள்.